பிரெஞ்சு வெங்காய சூப்: வீட்டில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சின்னப் பீங்கான் கிண்ணம், அதன் வாயை மூடிக்கொண்டு அங்கங்கே கருகிய சீஸ், உள்ளே பழுப்பு நிறச் சாறு. பாரிஸ் உணவகங்களில் குளிர்காலத்தில் அதிகம் கேட்டு வாங்கப்படும் வெங்காய சூப் இதுதான். வேண்டிய பொருட்கள் கொஞ்சம், சந்தேகங்கள்தான் நிறைய. அவற்றில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன: வெங்காயத்தை எதுவரை வதக்குவது? அந்தப் பதிலை மட்டும் நீளமாகவே எழுதியிருக்கிறேன். மற்றவற்றுக்குத் தேவையான அளவு.

இந்த சூப்பில் என்னதான் இருக்கிறது?

வெங்காயம், வெண்ணெய், எலும்பை வேகவைத்து வடித்த ஸ்டாக், காய்ந்த ரொட்டி, சீஸ். இவை ஐந்தும்தான் அடிப்படை. கொஞ்சம் ஒயின், ஒரு பிடி மூலிகை, ஒரு கரண்டி மாவு ஆகியவை துணைக்கு. சீஸை மேலே போட்டு ஓவனில் பொன்னிறமாக்கும் வகையைப் பிரான்சில் 'கிராத்தினே' என்பார்கள். சீஸ் இல்லாமல் ரொட்டித் துண்டை மட்டும் போட்டுச் சாப்பிடும் எளிய வகையும் உண்டு. சாதாரண நாளில் அதுவே போதும்.

ஒரு ராஜா கண்டுபிடித்த சூப் என்கிறார்களே, உண்மையா?

கதை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். போலந்தின் அரியணையை இழந்து லொரேன் பகுதியின் பிரபுவாக இருந்த ஸ்தானிஸ்லாஸ், பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் மாமனார். மகளைப் பார்க்க லுனேவில்லிலிருந்து வெர்சாய் போகும் வழியில் ஷாலோன் ஊர்ச் சத்திரம் ஒன்றில் தங்கினாராம். அங்கே கொடுத்த வெங்காய சூப் பிடித்துப்போய், செய்முறையைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்ப மாட்டேன் என்று இரவு அங்கியோடு அடுப்படிக்கே இறங்கி வந்துவிட்டாராம். புகையும் வெங்காய நெடியும் கண்ணில் நீரை வரவழைத்தும் நகராமல் நின்று பார்த்தாராம். 19ஆம் நூற்றாண்டிலேயே இது சமையல் நூல்களில் ஏறிவிட்டது.

கதையைக் கவனித்தால், அதிலேயே விடை இருக்கிறது. ராஜா வருவதற்கு முன்பே சத்திரத்தில் அந்த சூப் இருந்திருக்கிறது. வெங்காயமும் பழைய ரொட்டியும் ஏழை வீட்டிலும் இருக்கும். அவற்றைச் சூடான நீரில் சேர்க்க ராஜா எதற்கு?

பாரிஸுக்கும் இதற்கும் என்ன நெருக்கம்?

'லே ஆல்' என்ற மொத்த விற்பனைச் சந்தைதான் காரணம். நகரின் நடுவில், 1850களிலிருந்து விக்தோர் பால்தார் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பிய இரும்பு, கண்ணாடிக் கூடாரங்களுக்குள் அது நடந்தது. இறைச்சி, மீன், காய்கறி எல்லாம் இரவில் வந்து இறங்கி விடிவதற்குள் கைமாறிவிடும். நள்ளிரவு தாண்டி மூட்டை சுமப்பவருக்குச் சூடாக, கெட்டியாக, மலிவாக ஏதாவது வேண்டும். சுற்றியிருந்த கடைகள் வெங்காய சூப் ஊற்றின. நாடகம் பார்த்துவிட்டுப் பட்டாடையோடு வருபவர்களும் அதே கடைகளில் அதே சூப்பைக் குடித்தார்கள்.

1969இல் சந்தை நகருக்கு வெளியே ரன்ஜிஸுக்குப் போய்விட்டது. கூடாரங்களையும் 1971இலிருந்து இடித்துவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் வணிக வளாகமும் நிலத்தடி ரயில் நிலையமும் இருக்கின்றன. ஆனால் 1947இல் திறந்த 'ஓ பியே து கொஷோன்' என்ற உணவகம் அங்கேயே இருக்கிறது, சூப்பும் இருக்கிறது. பிரான்சில் கல்யாண விருந்து ஆடிப்பாடி விடியும் நேரத்தில் வெங்காய சூப் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. குடித்த தலைவலிக்கு மருந்து என்று ஒரு நம்பிக்கை. உப்பும் சூடான சாறும் ரொட்டியும் உள்ளே போனால் யாருக்கும் கொஞ்சம் தெம்பு வரும்தான்.

நாலு பேருக்கு என்ன அளவு?

வெங்காயம் தோலுரிப்பதற்கு முன் ஒன்றேகால் கிலோ. பார்த்தால் மிரட்சியாக இருக்கும். பயப்படாதீர்கள், வதங்கியபின் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. வெண்ணெய் 60 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு முதலில் ஒரு தேக்கரண்டி. மைதா ஒரு மேசைக்கரண்டி. இனிப்பில்லாத வெள்ளை ஒயின் 200 மி.லி., ஸ்டாக் ஒன்றரை லிட்டர், தைம் என்ற மூலிகை மூன்று நான்கு காம்பு. ரொட்டி ஆளுக்கு இரண்டு துண்டு, சீஸ் மொத்தம் 200 கிராம்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வெங்காயத்தை நறுக்கி வெண்ணெய், எண்ணெய், உப்போடு அடிகனமான அகலப் பாத்திரத்தில் போட்டு மூடி, மிதமான தீயில் கால் மணி நேரம். பிறகு மூடியை எடுத்து, பழுப்பாகும்வரை வதக்கல். இதற்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. மைதாவைத் தூவி இரண்டு நிமிடம் கிளறி, ஒயினை ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிச் சேர்த்து, ஒயின் பாதியாகச் சுண்டியதும் ஸ்டாக்கும் தைமும். அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கட்டும். உப்பு பார்த்துக் கிண்ணங்களில் ஊற்றி, காய்ந்த ரொட்டியை மிதக்கவிட்டு, மேலே சீஸைக் குவித்து, ஓவனின் மேல் தணலில் சீஸ் கொப்புளித்துப் புள்ளி புள்ளியாகச் சிவக்கும்வரை.

வெங்காயம் எதுவரை வதங்க வேண்டும்? குறிப்புகளில் பத்து நிமிடம் என்கிறார்களே.

பத்து நிமிடத்தில் பிரியாணிக்கு வெங்காயம் பொரிக்கலாம், எண்ணெயில் முக்கி. இந்த சூப்புக்கு ஆகாது. அப்படி எழுதுபவர்கள் அடுப்பின் முன் நின்று எழுதவில்லை என்றே நினைக்கிறேன்.

வெங்காயத்தில் சுமார் 89 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோவில் முக்கால் கிலோவுக்கு மேல் தண்ணீர்தான். அது பாத்திரத்தில் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, நிறமும் மாறாது. அதனால் முதல் பாதி வேலை முழுக்கத் தண்ணீரை ஓட்டுவதுதான். மூடி போட்ட அந்தக் கால் மணி நேரத்தில் குவியல் பாதியாக இறங்கி, இழைகள் கண்ணாடிபோல் ஆகி, தம் சாற்றிலேயே மிதக்கும். மூடியைத் திறந்ததும் கேட்பது கொதிக்கும் சத்தம். இருபது நிமிடத்தில் அந்தச் சத்தம் மாறும்: 'கொதகொத' போய் 'சுர்' என்று மெலிதாகும். தண்ணீர் தீர்ந்தது என்று பொருள். கண்ணைவிடக் காதை நம்பலாம் இந்த இடத்தில்.

இனிதான் சமையல். பாத்திரத்தின் அடியில் இளம்பழுப்பாக ஒரு படலம் ஒட்ட ஆரம்பிக்கும். பதற வேண்டாம், அது அடிப்பிடிப்பதல்ல. சூப்பின் நிறமும் சுவையும் அதில்தான் இருக்கிறது. மரக்கரண்டியால் வெங்காயத்தை ஓரம் தள்ளிவிட்டு, ஒட்டிய இடத்தில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டுங்கள். படலம் கரைந்து வெங்காயத்தில் ஏறும், குவியல் முழுவதும் ஒரு படி நிறம் கூடும். தண்ணீர் வற்றும், மறுபடி படலம் ஒட்டும், மறுபடி சுரண்டல். இப்படி நாலைந்து சுற்று. வைக்கோல் நிறத்திலிருந்து தேன் நிறம், அதிலிருந்து செம்பழுப்பு, கடைசியில் கருப்பட்டி நிறம். இழைகள் தனித்தனியாகத் தெரியாமல் பிசுபிசுவென்று ஒன்றாகத் திரண்டு, கரண்டியால் கோடு இழுத்தால் அந்தக் கோடு ஒரு கணம் அப்படியே நிற்க வேண்டும். பச்சை வெங்காய நெடி துளியும் இருக்கக் கூடாது. கொஞ்சம் எடுத்து வாயில் போட்டால் முதலில் இனிப்பும், பின்னால் வறுத்த இறைச்சியின் சாயலும் தெரியும்.

நீங்கள் தேன் நிறத்தில் நிறுத்தினாலும் சூப் வரும். சாப்பிடக் கூடியதாகவும் இருக்கும். ஆனால் வெளிறிய சாறில் இனிப்பு மட்டும் மிதக்கும். நல்ல சீஸும் விலை உயர்ந்த ஒயினும் அந்தக் குறையை மூடாது.

சிம்மில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாமா?

முதல் கால் மணி நேரம் தாராளமாக. பிறகு நாலு நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும். கடைசி இருபது நிமிடம் அடுப்படியை விட்டு நகராதீர்கள். முழுக்கச் சிம்மில் வைத்தால் வெங்காயம் குழையும், நிறம் ஏறாது. முழுத் தீயில் வைத்தால் ஓரம் கருகும், நடு வேகாது. மிதமான தீ, ஒட்டுவது வேகமானால் குறைப்பது, மந்தமானால் கூட்டுவது.

நிறம் மாறுவது சர்க்கரை கருகுவதால்தானே?

பாதி அதுதான். வெங்காயத்தின் சர்க்கரை சூட்டில் பழுப்பாகிறது. அதோடு அதே சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து புதுப் புது மணங்களை உண்டாக்குகின்றன. இரண்டாவதை 1912இல் விவரித்தவர் லூயி கமிய் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். ரொட்டியின் மேலோடு, வறுத்த காப்பிக்கொட்டை, தோசையின் முறுகல் எல்லாம் அவர் பெயரிலான வினையால்தான். ராஜா கதையில் வந்த அதே லொரேன் மண்ணில் பிறந்தவர் என்பது ஒரு பொருத்தம்.

சீக்கிரம் பழுப்பாக ஒரு கரண்டி சர்க்கரை போடலாமா?

பலர் போடுகிறார்கள். ஒரு சிட்டிகை போட்டால் குற்றமில்லை. கரண்டிக் கணக்கில் போட்டால் நிறம் வரும், இனிப்பும் வரும், நன்றாக வதங்கிய வெங்காயத்தின் சுவை மட்டும் வராது. காரமான வெங்காயத்திலும் சர்க்கரை போதிய அளவு இருக்கிறது; நெடி அதை மறைத்திருக்கிறது, அவ்வளவே. நெடி ஆவியானதும் இனிப்பு தானாக வெளியே வரும்.

சமையல் சோடா?

ஒரு கிலோவுக்குக் கால் தேக்கரண்டி போட்டால் நேரம் கணிசமாகக் குறையும். காரத்தன்மை கூடினால் பழுப்பாகும் வினை வேகமெடுக்கும். அதே காரணத்தால் வெங்காயத்தின் செல் சுவரும் கரைந்து கூழாகிவிடும். சூப்பில் இழை இழையாகக் கரண்டியில் வர வேண்டியது களிபோல் வரும். இன்னொன்று: நம் ஊர்ச் சிவப்பு வெங்காயத்தில் சோடா பட்டால் முதலில் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம் காட்டும். பார்க்கவே சகிக்காது. நேரம் இல்லாத நாளில் வேறு ஏதாவது சமைப்பது நல்லது.

பிரஷர் குக்கர் உதவுமா?

முதல் பாதிக்கு உதவும். வெங்காயத்தை உப்பும் வெண்ணெயும் சேர்த்துக் குக்கரில் குழைய வேகவைத்துக்கொண்டு, திறந்த பாத்திரத்துக்கு மாற்றித் தண்ணீரை வற்றவைத்துப் பழுப்பாக்கலாம். தண்ணீர் ஏராளமாக விட்டிருக்கும் என்பதால் மிச்சமாகும் நேரம் நினைத்த அளவு இருக்காது.

எந்தப் பாத்திரம்?

அடிகனமான எவர்சில்வர், அல்லது பீங்கான் பூச்சுப் போட்ட வார்ப்பிரும்புப் பாத்திரம். அகலம் முக்கியம், ஒடுக்கமான பாத்திரத்தில் ஆவி வெளியேறாது. நான்ஸ்டிக்கில் அடியில் எதுவும் ஒட்டாது, சுரண்டிச் சேர்க்கவும் எதுவும் இருக்காது. பூச்சில்லாத இரும்புச் சட்டியில் வதக்குவது அருமையாக வரும், ஆனால் ஒயின் ஊற்றியதும் புளிப்பு இரும்பில் பட்டுச் சாறு கறுத்து, வாயில் இரும்பு வாடை அடிக்கும். வதக்கிவிட்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதானால் சரி.

பிரான்சில் எந்த வெங்காயம் போடுகிறார்கள்? இங்கே கிடைப்பது ஆகுமா?

அங்கே பொதுவாக மஞ்சள் தோல் வெங்காயம், மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் வகை. பேர் பெற்றவையும் உண்டு: பிரிட்டனி கடற்கரையின் ரோஸ்கோஃப் இளஞ்சிவப்பு வெங்காயத்துக்கு 2009இலிருந்தும், செவென் மலைச்சரிவின் இனிப்பு வெங்காயத்துக்கு 2003இலிருந்தும் ஊர்ப் பெயருக்கான சட்டக் காப்பு இருக்கிறது. ரோஸ்கோஃப்காரர்கள் 1828இலிருந்தே கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போய், பின்னாளில் சைக்கிளில் வெங்காயச் சரத்தைத் தொங்கவிட்டு வீடு வீடாக விற்றவர்கள்.

நம் கடைகளில் கிடைக்கும் பெல்லாரி வெங்காயம் தாராளமாக ஆகும். நெடி கூடுதல், அதனால் வதக்கும் நேரம் கொஞ்சம் கூடலாம். ஊதா நிறம் எல்லாம் பழுப்பில் மறைந்துவிடும். புதிதாக வந்த, தோல் ஈரமான வெங்காயம் வேண்டாம்; நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து எடுங்கள்.

சின்ன வெங்காயம்?

ருசி பிரமாதமாக இருக்கும். ஒரு கிலோவுக்குமேல் உரிக்கப் பொறுமை இருந்தால் செய்யுங்கள். கால் பங்கு சின்ன வெங்காயமும் மிச்சம் பெரியதுமாகக் கலப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

எப்படி நறுக்குவது?

வேரிலிருந்து நுனி நோக்கி, நீளவாக்கில். வெங்காயத்தின் நார் அந்தத் திசையில் ஓடுவதால் இழை ஒரு மணி நேர வதக்கலிலும் உருக்குலையாது. குறுக்கே வளையமாக நறுக்கினால் சீக்கிரம் கரைந்துவிடும். கனம் மூன்று நான்கு மில்லிமீட்டர். தாள்போல் சீவினால் கருகும். அத்தனை இழையும் ஒரே கனமாக இருப்பதுதான் கத்தி வேலையில் முக்கியம்.

கண்ணெரிச்சலுக்கு வழி?

வெங்காயத்தை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, நன்றாகத் தீட்டிய கத்தியால் நறுக்குங்கள். செல் உடையும்போது நொதிகள் சேர்ந்து கண்ணை எரிக்கும் ஆவியை உண்டாக்குகின்றன. குளிர்ச்சியில் அவை மந்தமாகும், கூர்மையான கத்தி குறைவாகவே நசுக்கும். இதற்கெனத் தனி நொதி ஒன்று இருப்பதை 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2013இல் அவர்களுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்களே, அது.

வெண்ணெய்க்குப் பதில் நெய்?

ஊற்றலாம். வெண்ணெயில் இருக்கும் பால் திடப்பொருள் வதங்கும்போது தரும் மணம் மட்டும் குறையும். வெறும் எண்ணெயைவிட நெய் எவ்வளவோ மேல்.

ஸ்டாக் மாட்டெலும்பில்தான் இருக்க வேண்டுமா?

பாரிஸ் முறை அதுதான். எலும்பை ஓவனில் சிவக்க வறுத்து, கேரட், வெங்காயம் சேர்த்து நாலைந்து மணி நேரம் மெல்ல வேகவைத்து வடிப்பார்கள். கோழி ஸ்டாக்கும் நன்றாகவே பொருந்தும். வெங்காயத்தை முன்னே விட்டு அது பின்னால் நிற்கும். ஆட்டெலும்பு மட்டும் வேண்டாம், அதன் வாசனை எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கட்டி ஸ்டாக் போடுவதானால் பொட்டலத்தில் சொன்னதில் பாதி. சுண்டும்போது உப்பு ஏறும், சீஸிலும் உப்பு இருக்கிறது.

சைவமாகச் செய்ய முடியுமா?

முடியும், தயங்க வேண்டாம். நறுக்கிய வெங்காயத்தைச் சூடாக்கும்போது அதிலேயே இறைச்சிச் சாற்றின் மணமுள்ள ஒரு கந்தகச் சேர்மம் உருவாகிறது. நன்றாகப் பழுப்பாக்கிய வெங்காயத்தில் வெறும் தண்ணீர் ஊற்றினாலே அரை ஸ்டாக் கிடைத்த மாதிரி. இன்னும் அழுத்தம் வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள்: வெங்காயத்தைப் பாதியாக வெட்டி வெட்டுப்பக்கத்தை வாணலியில் கறுக்கவிட்டு, காய்ந்த காளான் ஒரு கைப்பிடி, கேரட், செலரி, ஒரு தக்காளி, மிளகு சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடியுங்கள். கடைசியில் ஒரு தேக்கரண்டி சோயா சாஸ். யாரும் எலும்பைத் தேட மாட்டார்கள்.

சைவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஸ்டாக் மட்டுமல்ல, சீஸும். அதற்குக் கீழே வருகிறேன்.

ஒயின் கட்டாயமா? கொதித்தால் மது போய்விடுமா?

ஒயினின் வேலை போதை அல்ல, புளிப்பு. இவ்வளவு இனிப்பையும் கொழுப்பையும் தூக்கி நிறுத்த ஒரு புளிப்பு வேண்டும். இனிப்பில்லாத வெள்ளை ஒயின் வழக்கம். சிவப்பு ஊற்றினால் சாறு கலங்கிய நிறமாகும். சிலர் கடைசியில் ஒரு கரண்டி கோன்யாக் பிராந்தியும் விடுவார்கள்.

முழுக்க ஆவியாகாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அரை மணி நேரம் கொதித்தபின்னும் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாகத் தங்கும். மதுவே ஆகாதவர்கள் 150 மி.லி. தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பிள் வினிகர் கலந்து ஊற்றலாம். எலுமிச்சையும் புளியும் தங்கள் வாசனையோடு வருவதால் இங்கே ஒட்டுவதில்லை.

தைம் இல்லை. பிரிஞ்சி இலை போடலாமா?

காய்ந்த தைம் அரைத் தேக்கரண்டி போதும். அதுவும் இல்லையென்றால் விட்டுவிடலாம். பிரெஞ்சுக் குறிப்புகளில் வரும் லாரல் இலையும் நம் பிரிஞ்சி இலையும் வேறு வேறு மரம். நம்முடையதில் பட்டை வாசனை. போட்டால் குருமா ஞாபகம் வந்துவிடும்.

பச்சைமிளகாய், சீரகம், இஞ்சி?

உங்கள் வீடு, உங்கள் சட்டி. ஆனால் ஒரு மணி நேரம் நின்று கொண்டுவந்த சுவையை ஒரு தேக்கரண்டி சீரகம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மிளகு போதும். பூண்டு வேண்டுமானால் பச்சைப் பல்லை மொறுமொறு ரொட்டியின்மேல் தேயுங்கள், அது அங்கேயே உள்ள பழக்கம்தான்.

எந்தச் சீஸ்?

ஸ்விட்சர்லாந்தின் கிரூயேர், அல்லது பிரான்சின் ஜூரா மலைப்பகுதியின் கோம்தே. முன்னது குறைந்தது ஐந்து மாதமும் பின்னது நான்கு மாதமும் பழுக்க வேண்டும் என்பது விதி. இரண்டும் நன்றாக உருகும், எண்ணெய் பிரியாது, முந்திரி வறுத்தாற்போல ஒரு மணம் தரும். சாதாரண பிரெஞ்சு வீட்டில் எம்மென்தாலும் போடுவார்கள், மலிவு.

இவை கிடைக்காத ஊரில் எம்மென்தால் அல்லது கௌடா. பீட்சாவுக்கான மொசரெல்லா நூல் இழுக்கும், ருசி இருக்காது. அதையே போடுவதானால் பர்மேசான் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். பதப்படுத்திய சீஸ் ஸ்லைஸ் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் போல ஒரு தோல் படியும்.

சைவர்களுக்கு: அசல் கிரூயேர், கோம்தே, பர்மேசான் எல்லாவற்றிலும் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்கிறது. இந்தியாவில் தயாராகும் கௌடா, எம்மென்தால் வகைகளில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ரொட்டி ஊறிக் கூழாகிவிடுகிறதே?

போதுமான அளவு காயவைக்கவில்லை. முந்தின நாள் பாகெட்டை, அதாவது நீளமான பிரெஞ்சு ரொட்டியை, இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, 160 டிகிரியில் கால் மணி நேரம், இருபுறமும் உலர்ந்து தட்டினால் சத்தம் கேட்கும்வரை வையுங்கள். டோஸ்டரில் மேற்பரப்பு மட்டும் சிவக்கும், நடு ஈரமாகவே இருக்கும். பால் ஊற்றிச் செய்த சாண்ட்விச் ரொட்டி எவ்வளவு காய்ந்தாலும் நிமிடத்தில் கரையும். அடிப்பக்கம் சாற்றில் ஊறியிருக்க, மேற்பக்கம் சீஸோடு மொறுமொறுப்பாக இருப்பதே கணக்கு.

கிண்ணம் ஓவனில் உடையாதா?

ஓவன் தாங்கும் பீங்கானோ மண்ணோ என்றால் உடையாது. சாதாரணக் கண்ணாடிக் கிண்ணத்தை மேல் தணலின் கீழ் வைக்காதீர்கள். கிண்ணங்களைத் தட்டில் அடுக்கி வைத்து உள்ளே தள்ளுங்கள். சீஸ் வழியும், தனித்தனியாக எடுத்தால் கை சுடும். விளிம்புக்கு இரண்டு விரற்கடை குறைவாகச் சாறு ஊற்றுங்கள். சீஸைக் கிண்ணத்தின் விளிம்பு வரை பரப்பினால் அங்கே ஒட்டிக் கருகி முறுகும். பலருக்கு அதுதான் முதல் வாய்.

ஓவனே இல்லை.

ரொட்டியைத் தோசைக்கல்லில் காயவைத்து, அதன்மேலேயே சீஸைப் போட்டு மூடி, உருகியதும் எடுத்துச் சூப்பில் மிதக்கவிடுங்கள். சீஸ் சிவக்காது, மற்றது எல்லாம் அப்படியே. ஓடிஜி இருந்தால் மேல் கம்பியை மட்டும் போட்டு, நன்றாகச் சூடேறியபின் வையுங்கள்.

சூப் கசக்கிறது.

படலம் கருகியிருக்கிறது. பழுப்புக்கும் கருப்புக்கும் இடையே ஓரிரு நிமிடம்தான். இந்தக் கசப்பை எதுவும் எடுக்காது. சர்க்கரை போட்டால் இனிப்பும் கசப்பும் சேர்ந்து நிற்கும்.

ரொம்ப இனிக்கிறது.

முதலில் உப்பு பாருங்கள், பெரும்பாலும் அது குறைவாக இருக்கும். பிறகு சில சொட்டு வினிகர்.

தண்ணியாக இருக்கிறதே, சோளமாவு கரைத்து ஊற்றலாமா?

வேண்டாம். இது கெட்டி சூப் அல்ல. மைதா ஒரு கரண்டி போடுவதும் சாற்றுக்கு லேசான உடம்பு கொடுக்கத்தான். சிலர் அதையும் போடுவதில்லை. வெங்காயம் போதாமல்தான் தண்ணியாகத் தெரியும். கரண்டியை விட்டால் ஒவ்வொரு முறையும் வெங்காயம் வர வேண்டும்.

பிரான்ஸ் முழுக்க இதே மாதிரிதானா?

இல்லை. லியோனில் கிராத்தினேயின் நடுவில் ஓட்டை போட்டு, முட்டை மஞ்சள் கருவைப் போர்ட் ஒயினில் அடித்து உள்ளே ஊற்றுவார்கள். தென்மேற்கில், பெரிகோர் பக்கம், 'தூரேன்' என்று வெளிறிய சூப் ஒன்று: வெங்காயமும் பூண்டும் பழுப்பாகாமல் வதங்கி, மஞ்சள் கருவும் வினிகரும் சேர்ந்தது. புது மணமக்களை நள்ளிரவில் எழுப்பி இதைக் குடிக்கவைப்பது அந்தப் பக்கத்துக் குறும்பு. அங்கேயே கிண்ணத்தில் கடைசி இரண்டு வாய் இருக்கும்போது சிவப்பு ஒயினை ஊற்றிச் சுழற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்கும் 'ஷப்ரோ' வழக்கமும் உண்டு. பாரிஸ் உணவகத்தில் செய்தால் திரும்பிப் பார்ப்பார்கள்.

முந்தின நாளே செய்து வைக்கலாமா?

வைக்கலாம், மறுநாள் ருசி கூடும். ரொட்டியும் சீஸும் மட்டும் பரிமாறும் நேரத்தில். ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். ஓவனில் வைக்கும்முன் சாறு கொதிக்கும் சூட்டில் இருக்கட்டும். ஆறிய சாற்றின்மேல் சீஸ் உருகினாலும் அடியில் சில்லென்றிருக்கும்.

இன்னும் நல்ல வழி, வெங்காயத்தை மட்டும் இரண்டு மடங்கு வதக்கி வைத்துக்கொள்வது. கூடுதலாகக் கால் மணி நேரம்தான் பிடிக்கும். பாதியைச் சின்ன டப்பாக்களில் ஃபிரீசரில் போட்டால் இரண்டு மூன்று மாதம் இருக்கும். அடுத்த முறை ஸ்டாக் கொதித்தால் சூப் தயார். ஆம்லெட்டில் ஒரு கரண்டி வைத்து மடிக்கலாம். இல்லையென்றால் நீஸ் நகரத்தார் செய்வதுபோல, ரொட்டி மாவைத் தட்டையாக விரித்து, இந்த வெங்காயத்தைக் கனமாகப் பரப்பி, நெத்திலியும் கறுப்பு ஆலிவும் அடுக்கிச் சுட்டெடுக்கலாம். 'பிஸ்ஸலாதியேர்' என்று பெயர். ஆனால் அதற்கு வெங்காயத்தைக் கருப்பட்டி நிறம் வரை விடாமல், தேன் நிறத்திலேயே இறக்கிவிட வேண்டும்.